மூச்சு இருந்தால்தான் ஆட்டம்

(மலையகத் தோட்டங்களிலிருந்து கோப்பாய்க்கு வந்திருந்த இளைஞர் யுவதிகளுக்கு, சிநேகபூர்வக் கரப்பந்தாட்டப் போட்டிக்கு முன்னர் கோப்பாய்ச் சுகாதாரத் தொண்டர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போட்டி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

காலையில் எங்கள் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தீர்கள். தோட்டம் என்றால் உங்களுக்குத் தேயிலை மலை. எங்களுக்கு அது கிணற்றடியில் இருக்கும் செம்மண் காணி. அங்கே வெங்காயம், மிளகாயோடு அகல இலைப் பயிர் ஒன்றையும் கண்டீர்கள். அதுதான் புகையிலை. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் விளைகிறது. யாழ்ப்பாணச் சுருட்டு தெற்கே உள்ள ஊர்களுக்கும் உங்கள் மலைப்பக்கக் கடைகளுக்கும் போய் விற்பட்டது. அந்தக் காசில்தான் எங்களில் பல பேர் படித்தோம். "பிறகென்ன, நீங்களே புகைக்க வேண்டாம் என்று சொல்ல வந்துவிட்டீர்களோ?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் இந்த இலையோடு வாழ்ந்தபடியால்தான் அதன் குணம் எங்களுக்குத் தெரியும்.

பனி ஈரத்தோடு இருக்கும் புகையிலையை வெறுங்கையால் முறித்துப் பாருங்கோ. சில பேருக்குத் தலை சுற்றும், சத்தி வரும். இலையிலுள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடுகிறது. தோலில் பட்டதற்கே இந்தப் பாடு என்றால், அதைக் கொளுத்தி நெஞ்சுக்குள் இழுத்தால் என்ன ஆகும்?

"புற்றுநோய் எல்லாம் வயசு போனபிறகு வருகிறதுதானே, இப்ப என்ன அவசரம்?" இதுதான் பெடியள் சொல்லும் நியாயம். அங்கேதான் பிழை விடுகிறோம். புற்றுநோய் பிந்தி வரலாம். மூச்சுக் குறைவு இருபது வயதிலேயே வந்துவிடும்.

எப்படி என்று பாருங்கள். எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். லொறியில் கொழுந்து ஏற்ற வேண்டிய இடத்தில் கல்லை ஏற்றி வைத்தது போலத்தான். நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பத்துகிறவரின் ஈமோகுளோபினில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இந்த வாயுவிடம் அகப்பட்டிருக்கும். அதோடு நிக்கொட்டின் இதயத்தை விரட்டுகிறது. பத்தி முடித்த கையோடு நாடியை எண்ணினால் நிமிடத்துக்குப் பத்து, இருபது துடிப்பு கூட இருக்கும். சும்மா இருக்கும்போதே இதயம் ஓடுகிறது என்றால், ஓட வேண்டிய நேரத்தில் அது எங்கே போகும்? மூச்சுக் குழாயைக் கூட்டித் துப்பரவாக்கும் மெல்லிய மயிர்களும் புகையால் சோர்ந்துபோகும். சளி தேங்கும். காலை இருமல் அங்கிருந்துதான் வருகிறது.

உங்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கோப்பாய் கடல் மட்டத்தோடு ஒட்டிய நிலம். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் இங்கே கிடைப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த மலையில் கொழுந்துப் பாரத்தோடு ஏறி இறங்கும் உடம்பு உங்களுடையது. அதற்குள் புகையும் சேர்ந்தால் இரட்டை நட்டம்.

இது வெறும் பேச்சில்லை. சுவிட்சர்லாந்தில் 19 வயதுப் படைப் பயிலுநர்கள் சுமார் 6,500 பேரை 12 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. கூடப் புகைத்தவர்கள் ஓடிய தூரம் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் 10 முதல் 18 வயது வரையான சுமார் 10,000 பிள்ளைகளின் நுரையீரலை அளந்து 1996இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். நாளுக்கு ஐந்து சிகரெட் பத்தினாலே நுரையீரல் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது, அதிலும் பெண் பிள்ளைகளுக்குப் பாதிப்புக் கூட என்று கண்டார்கள். வளரும் வயதில் வளராத நுரையீரலைப் பிறகு எந்தக் கடையிலும் வாங்க ஏலாது.

எங்கள் கரப்பந்தாட்டக் குழுவில் ஒரு தம்பி இருக்கிறார். நல்லாய் எழும்பி அடிப்பார். ஆனால் மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். வெயில் என்றார், சாப்பாடு சரியில்லை என்றார். உண்மையில் பதினேழு வயதில் தொடங்கிய சிகரெட். போன வருஷம் ஒரு நாள் அவரே பெட்டியைக் கிணற்றடியில் போட்டு மிதித்தார். முதல் வாரம் எல்லாரிலும் எரிந்து விழுந்தார். மூன்று மாதம் கழிய ஐந்து சுற்றும் நின்று ஆடினார். இன்றைக்கும் உங்களோடு ஆடப் போகிறார். கவனம்!

"நாங்கள் சிகரெட் இல்லை, பீடிதான்" என்று சிலர் சொல்வார்கள். பீடி அடிக்கடி அணையும். அணையாமல் வைத்திருக்க நெஞ்சு நிறைய இழுக்க வேணும். ஆகவே அதிலும் தப்ப முடியாது. வெற்றிலையோடு போடும் புகையிலை மூச்சைத் தொடாவிட்டாலும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். லயத்து அறைக்குள் விறகுப் புகையும் சேர்கிறது. அந்தச் சின்ன அறைக்குள் அப்பா பத்தினால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துதான் பத்துகிறார்கள்.

நல்ல செய்தியையும் சொல்ல வேணும். விட்ட இரண்டு நாளுக்குள் காபனோரொட்சைட்டு இரத்தத்தை விட்டு அநேகமாகப் போய்விடும். சில மாதங்களில் இருமலும் இளைப்பும் குறையும். ஆசை எழும்பினால் சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரம் ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கோ, எழும்பி நடவுங்கோ. தனியே ஏலாவிட்டால் ஆஸ்பத்திரியில் வெட்கப்படாமல் கேளுங்கோ. இரண்டு பேர் சேர்ந்து விட்டால் இன்னும் சுகம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது. கடைக்காரருக்கு அதை நினைவூட்டுவது பெரியவர்களின் பொறுப்பு.

எங்கள் காணிகளில் புகையிலைக்குப் பதில் வேறென்ன போடலாம் என்பது எங்கள் கவலை. அதை நாங்கள் பார்க்க வேணும். உங்கள் மூச்சை நீங்கள் பாருங்கள். மலையேறி உழைக்கும் குடும்பத்துக்கு வங்கியில் காசில்லாமல் இருக்கலாம். நெஞ்சில் மூச்சில்லாமல் இருக்க முடியாது.

சரி, வலை கட்டியாகிவிட்டது. வாருங்கள், விளையாடுவோம்.