விளையாட்டு வழியே கல்வி

(ஜமாஅத் பெற்றோர் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகளின் கையில் செல்பேசியைக் கண்டதும் நாம் சொல்லும் முதற்சொல், ‘அதைக் கீழே வை’ என்பதே. அச்சொல்லில் நியாயம் உண்டு. பாங்கொலி கேட்டும் எழாத பிள்ளையைக் கண்டு வருந்தாத பெற்றோர் யார்? ஆயினும், விளையாட்டு என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். பணம் வைத்து ஆடுவது சூது. அது ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. இந்திய நாடாளுமன்றமும் 2025ஆம் ஆண்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. வெறுமனே பொழுதைக் கரைக்கும் ஆட்டம் மற்றொரு வகை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகை, வகுப்பறையில் ஆசிரியர் துணையோடு ஆடப்படுவது. அதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்து வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கே சென்று குடியேறியோரின் பயணத்தை விளக்க, உடன் தங்கியிருந்த நண்பர் இருவரின் துணையோடு ‘ஆரிகன் டிரெயில்’ என்னும் கணினி விளையாட்டை அவர் உருவாக்கினார். அதற்குத் திரை கிடையாது. தாளில் அச்சடிக்கும் பொறி மட்டுமே. ஏறத்தாழ 2,000 மைல் பயணத்திற்குக் கையிருப்பில் உணவுக்கு எவ்வளவு, மாடுகளுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு என மாணவர்களே தீர்மானிக்க வேண்டும். கணக்குத் தவறினால் வழியில் பசியும் நோயும் காத்திருக்கும். ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் வரைபடம் பார்க்க, ஒருவர் செலவுக் கணக்கு வைக்க என அவர்கள் வேலையைத் தாமே பகிர்ந்துகொண்டனர். 1974இல் ராவிட்ச், குடியேறியோரின் நாட்குறிப்புகளைப் படித்து, வழியில் நேர்ந்த இடர்களை உண்மைக்கு நெருக்கமாகத் திருத்தினார்.

அவ்விளையாட்டிலும் ஒரு குறை இருந்தது. அந்நிலங்களில் முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளின் பக்கம் அதில் சரிவரச் சொல்லப்படவில்லை. 2021இல் வெளிவந்த புதிய பதிப்பில்தான், பூர்வகுடி வரலாற்று அறிஞர்களின் ஆலோசனை பெற்று அக்குறையைக் களைய முயன்றனர். எனவே எந்த விளையாட்டையும் ஏற்குமுன், ‘இது யாருடைய கண்ணால் உலகைக் காட்டுகிறது?’ என்று கேட்பது நம் கடமை.

போலந்து அரசு 2020இல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்னும் விளையாட்டைப் பள்ளிகளின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது; 18 வயது நிரம்பிய மாணவர்களுக்கு மட்டும். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்த பாஸ்னியத் தலைநகர் சரஜேவோவின் துயரமே அதற்குத் தூண்டுகோல். அதில் ஆடுபவர் படைவீரர் அல்லர். உணவும் மருந்தும் தேடி அலையும் சாதாரண மக்கள்.

கருவி இன்றியும் இது இயலும். டென்மார்க்கின் ஹோப்ரோ என்னும் ஊரில் 2006 முதல் இயங்கும் ஆஸ்டர்ஸ்கவ் பள்ளியில், மாணவர்கள் பாத்திரமேற்று நடித்தே பாடங்களைக் கற்கின்றனர்.

நமது மக்தப் மதரஸாவிலும் இதைச் செய்து பார்க்கலாம். மாணவர் சிலரைப் பைத்துல்மால் குழுவாக அமர்த்துவோம். ஒருவர் வணிகராகி, ரொக்கம், சரக்கு, கடன் அனைத்தையும் கணக்கிட்டு இரண்டரை சதவீத ஜகாத்தைச் செலுத்தட்டும். ஏழையாக, கடனாளியாக, வழிப்போக்கராக வேறு சிலர் விண்ணப்பிக்கட்டும். தொகையோ குறைவு, தேவையோ அதிகம். யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று குழு முடிவு செய்யட்டும். கடனாளியாக நின்று கையேந்திப் பார்த்த பிள்ளை, நாளை வசதி பெறும்போது கேட்பவர் முகத்தைக் கடுமையாகப் பார்க்குமா?

ஒன்றை மறவாதிருப்போம். விளையாட்டு தானாகக் கற்பிப்பதில்லை. ஆட்டம் முடிந்தபின் உஸ்தாத் அவர்கள் மாணவர்களோடு அமர்ந்து, ஒவ்வொரு முடிவின் சரி பிழையையும் விளக்கும் அந்த அரை மணி நேரமே பாடம். வீட்டிலும் அவ்வாறே. ‘கீழே வை’ என்று சொல்வதற்கு முன், ‘என்ன ஆடுகிறாய், காட்டு’ என்று அருகில் அமர்வோம். அதன்பின் நாம் சொல்லும் தடைக்கும் மதிப்பிருக்கும்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.