ஆராய்ச்சிக்குப் பணம் யார் கொடுப்பது?

(தாம்பரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



வைத்திய ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பேசப் போகிறேன் என்றதும், கூலியும் பஞ்சப்படியும் கிடக்க இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். இதை இந்த ஊரில் பேசாமல் வேறு எந்த ஊரில் பேசுவது? உங்களில் பாதிப் பேர் தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது? 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியம் திறந்தார். 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. அந்த நாளில் க்ஷயத்துக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இதுதான் வைத்தியம். மாதக்கணக்கில் படுத்திருக்க யாரால் முடியும்? பல்லாவரம், திரிசூலத்தில் கல் உடைத்தவனால் முடியுமா? அறுவடைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றிருந்தவளால் முடியுமா?

பிறகு மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, பாஸ் வந்தது, 1952-ல் ஐசோனியசிட் வந்தது. ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்தே தீரவேண்டும் என்பதுதான் மேல்நாட்டு டாக்டர்களின் எண்ணம். நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு. 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய சர்வே இன்னொரு உண்மையையும் வெளியே கொண்டுவந்தது. இந்த நோய் பட்டணத்து நோய் என்று நினைத்திருந்தார்கள். கிராமத்திலும் அதே அளவுக்கு இருந்தது.

வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றாதா? விடை காண 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதற்குக் கைகொடுத்தவர்கள் நான்கு பேர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மதராஸ் சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். பிரிட்டிஷ் கவுன்சிலிலிருந்து வந்த வாலஸ் பாக்ஸ் தலைமை தாங்கினார். அவர்கள் தர்மம் செய்ய வரவில்லை. அவர்களுக்கும் அந்த அறிவு தேவைப்பட்டது. இங்கேதான் நோயாளிகள் இருந்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் சர்க்காரின் பணமும் நம் ஊழியர்களின் உழைப்பும் அதே பானையில் இருந்தன. கேள்வியும் நம்முடைய கேள்வி. படுக்கை இல்லாத நாட்டின் கேள்வி.

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்துக்கு. மறு பகுதி சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே. இரு பகுதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேர் தேறினார்கள். வீட்டில் இருந்தவர்களில் 86 பேர். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் உண்டு. அவர்கள் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டிலிருந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடு இல்லை, ஆனாலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். குடும்பத்தினரை ஐந்து வருஷம் கவனித்துப் பார்த்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்கு அதிக ஆபத்து ஏற்படவில்லை. உலகம் முழுவதும் க்ஷய வைத்தியம் சானடோரியத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கிய காரணம். சென்னைக் குடிசைவாசிகளின் எச்சிலையும் எக்ஸ்ரேயையும் வைத்து உலகம் பாடம் படித்தது என்று நாம் பெருமையாகவே சொல்லலாம். ஐந்து வருஷத் திட்டமாகத் தொடங்கியது, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக அதே சேத்துப்பட்டில் நிற்கிறது.

எல்லாக் கூட்டு ஆராய்ச்சியும் இப்படி நடந்ததா? இல்லை. பி.எல். 480 கோதுமை வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கா 1954-ல் போட்ட சட்டம் அது. கோதுமைக்கு நாம் ரூபாயில் விலை கொடுத்தோம். அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே மலைபோல் குவிந்தது. அதில் ஒரு பங்கை இங்கே ஆராய்ச்சிக்குச் செலவிட்டார்கள். 1969-ல் டில்லியில் கொசு ஆராய்ச்சித் திட்டம் ஒன்று அந்தப் பணத்தில் தொடங்கியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பெயரும் நம் கவுன்சிலின் பெயரும் அதில் இருந்தன. மலேரியா திரும்பவும் தலைதூக்கிய காலம் அது. அப்படியிருக்க, மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின்மீது ஏன் இத்தனை கரிசனம் என்று 1974-ல் பத்திரிகைகள் கேட்டன. அந்தக் கொசு டெங்குவையும் பரப்பும் என்பது நியாயமான பதில்தான். யுத்த ஆயுதத்துக்கான ஆராய்ச்சி என்ற சந்தேகமும் எழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது யார், கிடைக்கும் விவரங்கள் யார் கைக்குப் போகின்றன என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975-ல் கேட்டது. அதே வருஷம் திட்டம் மூடப்பட்டது. பணம் நம் கோதுமைக் காசு. கடிவாளம் வேறு கையில். இப்போது வெளிநாட்டுப் பணத்தோடு வரும் வைத்திய ஆராய்ச்சியை மத்திய சுகாதார அமைச்சகத்தின் குழு ஒன்று சலித்துப் பார்த்து அனுமதிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது.

கடிவாளம் ஒரு பக்கம் இருக்கட்டும். பணமே திடீரென்று நின்றால்? 2025-ல் நாம் பார்த்தோம். ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. உலகின் பல இடங்களில் ஆய்வுகள் பாதியில் நின்றன. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் விடப்பட்டார்கள். மே மாதத்தில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள், அமெரிக்க நிலையங்களின் வழியாக வெளிநாட்டு நிலையங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாட்டுக்குப் புதிய மானியம் இல்லை என்று அறிவித்தன. வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்து இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியின் கதவைச் சாத்துகிறது.

கம்பெனிகள் கொடுக்குமே என்பார்கள். விற்கக்கூடிய மாத்திரைக்குக் கொடுக்கும். அரிசிக்கும் பருப்புக்கும் கொடுக்குமா? 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு ஜில்லாக்களில் ஓர் ஆய்வு நடந்தது. க்ஷயரோகிகள் 2,800 பேர். அவர்களுடைய குடும்பத்தினர் 10,000-க்கும் மேல். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். குடும்பத்தினரில் ஒரு பகுதிக்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் பிடிப்பது 39 சதவீதம் குறைந்தது. ஒன்றரைக் கிலோ பருப்பு செய்கிற வேலையைப் பாருங்கள்! கனடாவின் மக்கில் பல்கலைக்கழக அறிஞர்களும் நம் சேத்துப்பட்டு நிலையமும் இதில் சேர்ந்து உழைத்தார்கள். பணம் போட்டது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். வெளிநாட்டு அறிவு வரட்டும், கைகோத்து உழைக்கட்டும். செலவில் பெரும்பங்கை நாமே போட்டால், பசியைப் பற்றிக் கேள்வி கேட்கவும் நமக்குச் சக்தி உண்டு.

ஆனால் நம் சர்க்கார் எவ்வளவு போடுகிறது? தனியாரையும் சேர்த்து, வைத்தியம் மட்டுமல்ல, எல்லா ஆராய்ச்சிக்கும், 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 64 பைசா! இதை உயர்த்து என்ற கோரிக்கை விஞ்ஞானிகளின் சங்கத்தோடு நிற்கக் கூடாது. நம் மகஜரிலும், பஞ்சப்படிக்குப் பக்கத்தில், ஒரு வரி ஏறவேண்டும்.

இன்னொன்று. நாளைக்கு உங்கள் தெருவுக்கும் ஆய்வுக்கு ஆள் கேட்டு வருவார்கள். விரட்டாதீர்கள். 1956-ல் அந்த 193 பேர் விரட்டியிருந்தால் நாம் எங்கே இருப்போம்? ஆனால் கேளுங்கள். பணம் யாருடையது? ஆய்வு முடிந்த பிறகு மருந்து எங்களுக்குக் கிடைக்குமா? பாதியில் பணம் நின்றால் எங்களைப் பார்ப்பது யார்? மருந்துப் பரிசோதனையில் கெடுதல் நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் தரவேண்டும் என்று 2019-ல் வந்த விதிகள் சொல்கின்றன. சம்மதப் பத்திரம் உங்களுக்குப் புரிகிற பாஷையில் இருக்கவேண்டும், நகல் ஒன்று உங்கள் கைக்கு வரவேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்குமுன் அதைச் சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறோம்.