மண்வெட்டியும் தராசும்

(எம்.ரெட்டியபட்டியில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "வெள்ளாமையைக் கட்டி அழுது என்ன கண்டோம்? நிலத்தை ஒத்திக்கு விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம்" என்கிறார் விவசாயி. மில்லிலிருந்து கணக்கு முடித்து வந்த தோழரும் அதையேதான் சொல்கிறார். கையில் கிடைத்த பணத்தைப் போட்டு ஒரு பெட்டிக்கடை வைத்தால் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம், நமக்கு நாமே முதலாளி என்று அவர் நினைக்கிறார்.

இந்த ஆசையை நாம் கேலி செய்யக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதைக்கு முன்னால் மண்ணைப் பார்க்கிற நாம், கடைக்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டாமா? அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறோம்.

விவசாயி ஏன் வெளியேறுகிறான்?

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை என்று புத்தகம் சொல்லும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்தாக வேண்டும். ஐப்பசியில் பெய்ய வேண்டியது மார்கழியில் பெய்தால் பூத்த பயிர் போச்சு. குண்டாற்றில் தண்ணீர் வருவது சில நாள். கண்மாய் நிறைந்தாலும் மடை பழுது, வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது.

நம் பெரியவர்கள் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, உளுந்து, மல்லி என்று பலதும் கலந்து விதைத்தார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். பிறகு மக்காச்சோளம் வந்தது. கோழித் தீவனத்துக்கு நல்ல விலை என்றார்கள். 2018-ல் அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டுக்கு வந்து குருத்தைத் தின்றது. மருந்துக்கு வாங்கிய கடன் நின்றது, கதிர் நிற்கவில்லை. விலை கூடும்வரை காத்திருக்க நம்மிடம் கிட்டங்கி கிடையாது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது கமிஷன் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை.

ஆகவே விவசாயி வெளியேறுவது சோம்பலால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன்னால் போனவர்கள் எப்படிப் போனார்கள்?

மண்வெட்டியை வைத்துவிட்டுத் தராசைப் பிடித்தவர்கள் இந்தச் சீமையில் முன்பே இருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பனங்காட்டிலிருந்து நாடார் சமூகத்து வியாபாரிகள் மாட்டின் முதுகிலும் வண்டியிலும் கருப்பட்டி, கருவாடு, உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். சிவகாசி, விருதுபட்டி என்ற இன்றைய விருதுநகர், திருமங்கலம், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய இடங்களில் தங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பாதையில் கள்ளர் பயம், ஊரில் சாதிக் கொடுமை. தனியாக வந்தவன் சரக்கோடு வீடு திரும்புவது நிச்சயமில்லை. அதனால் அவர்கள் பேட்டை அமைத்தார்கள். வேலியடைத்த இடம், கிணறு, வண்டி நிறுத்தவும் மாடு கட்டவும் வசதி, சரக்குக்குக் காவல். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுப் பணத்துக்குக் கொடுத்தார்கள். உறவின்முறை அதை நிர்வகித்தது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை 1889-ல் தொடங்கியது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. அதுதான் பின்னால் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள்.

பணம் வந்தும் மரியாதை உடனே வந்துவிடவில்லை. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? உழைப்பும் சிக்கனமும் இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் அவை நம்மிடமும் இருக்கின்றன. பொழுது விடியுமுன் எழுந்து களை எடுக்கப் போகிறவளை விடச் சிக்கனக்காரி யார்? அவர்களுக்கு இருந்து நமக்கு இல்லாதது பேட்டையும் மகமையும்தான். ஒருவனுக்கு நஷ்டம் வந்தால் தாங்கப் பின்னால் பொதுப் பணம் இருந்தது.

அதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பொதுப் பணம் ஒரு சாதிக்குள் நின்றது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அந்த லாபத்தில் பங்கு கிடைக்கவில்லை.

அமெரிக்க விவசாயியின் கதி

"நம்மிடம் நிலம் குறைவு, டிராக்டர் கிடையாது, அதனால்தான் இந்தக் கதி" என்று சிலர் நினைக்கலாம். நிலமும் டிராக்டரும் நிறைய உள்ள இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா என்ற மாநிலங்கள் இருக்கின்றன. கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளமும் சோயாவும். ஒரு குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர்.

1970-களில் அங்கே தானிய விலை ஏறியது. "இன்னும் நிலம் வாங்கு, கடன் தருகிறோம்" என்று வங்கிகள் வலியக் கூப்பிட்டன. பிறகு விலைவாசியை அடக்குகிறோம் என்று வட்டியை ஏற்றினார்கள். 1980 டிசம்பரில் பெரிய கம்பெனிகளுக்கே வங்கி வட்டி 21.5 சதவீதம். அதே 1980 ஜனவரியில் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்பதை அமெரிக்க சர்க்கார் கட்டுப்படுத்தியது. தானிய விலை சரிந்தது, நில விலையும் சரிந்தது, கடன் மட்டும் சரியவில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் வீட்டு வாசலிலேயே ஏலம் போயிற்று. 1935-ல் அந்த நாட்டில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ம் வருஷக் கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சம்தான்.

நிலம் போனவர்கள் என்ன செய்தார்கள்? பலர் சின்ன ஊர்களில் பட்டறை வைத்தார்கள், விதைக் கடை, இரும்புக் கடை, சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். அங்கேயும் ஒருவன் வந்தான். வால்மார்ட் என்ற ராட்சதக் கடைக் கம்பெனி ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை போட்டு எல்லாச் சரக்கையும் விற்றது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோன் என்ற பொருளாதார அறிஞர் 1980-களின் கடைசியில் இதை ஆராய்ந்தார். சுற்றியுள்ள சின்ன ஊர்க் கடைகளின் வியாபாரம் தேய்ந்துபோனதைக் கணக்கோடு காட்டினார். நிலத்தை விழுங்கியது வட்டி, கடையை விழுங்கியது பெரிய மூலதனம்.

நம் ஊர்க் கடையின் கணக்கு

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். ஒரு விவசாயி மனைவியின் நகையை அடகு வைத்து டீக்கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ், பாய்லர், பெஞ்சு வாங்கியதோடு பணம் தீர்ந்தது. சரக்குக்குத் தண்டல் வாங்குகிறார். 10,000 ரூபாய் என்று பெயர். 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

பார்த்தால் 8,500-க்கு 1,500 வட்டி, பெரிய தொகையில்லை என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அவர் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 50-ம் நாள் அவர் கையில் பாதிகூட இல்லை. சராசரியாகப் பார்த்தால் சுமார் 4,250 ரூபாயைத்தான் 100 நாள் வைத்திருக்கிறார். அதற்கு 1,500 வட்டி. வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், 100 ரூபாய்க்கு 120 ரூபாய்க்கு மேல் வருகிறது! டீயை விற்று இந்த வட்டியைக் கட்ட முடியுமா? புருஷனும் பெண்டாட்டியும் காலை நாலு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை நிற்கிறார்கள். அவர்களுடைய கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்தால் பல கடைகளில் லாபமே கிடையாது. முதலாளி என்று பெயர், வேலை தண்டல்காரருக்கு.

கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தனியாக ஒருவன் போலீஸ் ஸ்டேஷன் படியேறப் பயப்படும்வரை அந்தச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

கரிமூட்டம்

நம் வட்டாரத்தின் இன்னொரு தொழில் கரிமூட்டம். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் அதன் விதை சென்னை மாகாணத்துக்கு வந்தது. இன்று உழவு நின்ற ஒவ்வொரு புஞ்சையிலும் அதுதான் நிற்கிறது. 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்றச் சொன்னது. 2022-ல் அயல் மரங்களை அகற்றத் தமிழக அரசு கொள்கை வகுத்தது. ஆனால் பயிர் ஏமாற்றிய வருஷத்தில் அடுப்பெரிய வைத்ததும் அந்த மரம்தான். அதை வெட்டிய பிறகு நிலத்தில் என்ன விளையும், தண்ணீர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் மரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை.

விறகை வெட்டி, தூரைத் தோண்டி, நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் ஈர மண்ணும் மூடித் தீ வைக்கிறார்கள். காற்று அதிகம் போனால் எல்லாம் சாம்பல். போகாவிட்டால் வேகாது. ஆகவே இரவு பகலாகக் காவல் இருந்து, எங்கே மண் விரிகிறதோ அங்கே பூச வேண்டும். சில நாள் வெந்த பிறகு தண்ணீர் தெளித்து ஆற வைத்து, கட்டைக் கரி, தூர்க் கரி, தூள் என்று பிரிக்கிறார்கள். ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகு வேண்டும். புகையும் சூடும் தூசியும் வேலை செய்கிறவரின் நெஞ்சுக்குள் போகின்றன.

நிலத்துக்காரர் தாமே மூட்டம் போட்டால் அவரும் சிறு முதலாளி. ஆனால் வெட்டுக்கூலிக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது. "ஈரம் இருக்கிறது, தூள் இருக்கிறது" என்று எடையில் கழிக்கிறார்கள். அந்தக் கழிவை அவர் எங்கே ஈடுகட்டுகிறார்? வெட்டுகிற தொழிலாளியின் கூலியில்! அந்தத் தொழிலாளியும் இவரிடம் முன்பணம் வாங்கியவர்தான், அதனால் வாய் திறக்க முடியாது. முன்பணத்துக்குக் குடும்பத்தையே கட்டிப்போடுவது 1976-ம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். இதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் நாம் தெளிவாக இருக்க வேண்டும். சிறு கடைக்காரரையும் மூட்டம் போடுகிற விவசாயியையும் ஜமீன்தாரைப் போல நாம் பார்க்கக் கூடாது. நேற்று நம்மோடு களத்தில் நின்றவர்தான் அவர். அவருக்கும் ஒன்று சொல்வோம். "வியாபாரி உங்கள் விலையைக் குறைத்தால், நீங்கள் எங்கள் கூலியைக் குறைக்காதீர்கள். எங்களையும் சேர்த்துக்கொண்டு வியாபாரியிடம் விலை கேளுங்கள்." வெட்டுகிறவர் வெட்டாமல், மூட்டம் போடுகிறவர் லாரியில் ஏற்றாமல், இருவரும் ஒரே பேச்சில் நின்றால் விலை பேசாத வியாபாரி யார்?

செய்ய வேண்டியது

கடை போட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தனியாகப் போகாதீர்கள் என்கிறோம்.

கடைக்காக நிலத்தை விற்காதீர்கள். கடை படுத்தால் திரும்பி வர ஒரு குழியாவது இருக்கட்டும். தண்டல் வாங்குமுன் வங்கிக்குப் போங்கள். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிறு தொழிலுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கேட்கலாம். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். பத்துப் பேராகப் போங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய மகளிர் சுய உதவிக் குழு, சாதி பாராமல் சேர்ந்தால், நம் காலத்து மகமை. குழுவின் சேமிப்பு குழுவின் கையில் இருக்க வேண்டும். வாரந்தோறும் வாசலில் உட்கார்ந்து வசூலிக்கும் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற குழுவாக அது மாறிவிடக் கூடாது.

கூட்டுறவு நடக்காது என்பவர்களுக்குக் கண்ணூரைக் காட்டுங்கள். பீடித் தொழிலாளர் சட்டம் 1966-ல் வந்தது. அதை அமல் நடத்தும் காலம் வந்தபோது பெரிய பீடி முதலாளிகள் தொழிலை மூடி ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் விட்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் 1969-ல் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அன்றைய கேரள அரசு துணை நின்றது. பிற்காலத்தில் பீடி விற்பனை குறைந்தபோது உணவுப் பொருள், குடை என்று புதிய தொழில்களுக்குப் போனார்கள். சுருட்டத் தெரிந்தவர்கள் கணக்கெழுதவும் கற்றுக்கொண்டார்கள்.

தோழர்களே! இந்த ஊரில் கரியை ஒன்றாகச் சேர்த்து எடை போட ஒரு பொதுத் தராசு, மல்லியும் உளுந்தும் விலை வரும்வரை வைக்க ஒரு பொதுக் கிட்டங்கி, இவை இரண்டும் நம் கைக்கு எட்டாதவையா? அடுத்த மழைக்கு முன் யார் யார் வீட்டில் எத்தனை மூட்டை இருக்கிறது, யார் யாருக்குத் தண்டல் கடன் எவ்வளவு என்று முதலில் ஒரு நோட்டில் எழுதுவோம். மறைக்காமல் எழுதுவோம். அந்த நோட்டோடு சேர்ந்து போய்க் கேட்போம்.