வீட்டுத் தோட்டத்திற் பனையுந் தென்னையும்

(சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு இடப்பட்ட பொருள் வீட்டுத் தோட்டத்திற் பனையுந் தென்னையும் என்பது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணுதல் கூடும். ஏடும் மண்வெட்டியும் ஒன்றையொன்று விளக்கும் இடம் ஒன்று உண்டு. அதனையே முதற்கண் காட்டப் புகுகின்றோம்.

நம் ஊர்களில் மனைக்கு மதிலெழுப்புங்கால் முதலில் வீழ்வது பனை. முற்றத்திற்குச் சிமிட்டி பூசுங்கால் அடுத்து மெலிவது தென்னை. பகைவர் வந்து இவற்றைக் கெடுத்தாரில்லை. உடையவரே, இவை எவ்வாறு உயிர்வாழ்கின்றன என்பதறியாமற் கெடுக்கின்றனர். பாட்டன் வைத்த மரம் பேரன் கையால் மாளுதல் நமக்குப் பெருமையாகுமோ? ஆதலின் இப்பொருளைப் பொழுதுபோக்காகக் கருதாது கேட்குமாறு வேண்டுகின்றோம்.

தொல்காப்பியத்து மரபியல், புறத்தே வைரமுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வைரமுடையவற்றை மரமென்றும் பகுக்கின்றது. அவ்வாறு நோக்கின் வேம்பும் புளியும் மரம். பனையுந் தென்னையுங் கமுகும் புல். ஓலை, பாளை, ஈர்க்கு, குலை என்னும் பெயர்களை அந்நூல் புல்லினத்திற்கே வகுத்தது. இக்காலத்துப் பயிர்நூலாரும் பனையினத்தை ஒருவித்திலைத் தாவரம் என்று கூறி, நெல்லும் கரும்பும் மூங்கிலும் நிற்கும் வரிசையிலேயே வைக்கின்றனர். இது வெறும் பெயர்ப் பாகுபாடன்று. இவற்றை வளர்க்கும் முறை முழுவதும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளது. எங்ஙனம் எனிற் கூறுதும்.

வேம்பு முதலியவற்றில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளரும் படலம் ஒன்றுண்டு. அதனால் அடிமரம் ஆண்டுதோறும் பருக்கும். வெட்டுண்ட புண்ணும் நாளடைவில் மூடும். பனையினத்திற்கு அப்படலம் இல்லை. ஆகவே தென்னையின் தண்டில் வெட்டிய படியும், கொடி கட்ட அடித்த ஆணியும், மரம் உள்ளளவும் ஆறாப் புண்ணாகவே நிற்கும். இது முதலாவது. வேம்பின் கிளையை ஒடித்தால் வேறு கிளை தழைக்கும். பனைக்கும் நெட்டைத் தென்னைக்கும் குருத்து ஒன்றே. அது கெடின் மரம் மாண்டது. இஃது இரண்டாவது. இவற்றிற்கு ஆணிவேர் இல்லை; அடியினின்று நார்வேர்களே கூட்டமாகப் புறப்படும். அவை ஆலின் வேர்போற் பருத்துச் சுவரைப் பிளப்பனவல்ல. ஆயினும் தென்னைக்கு உணவூட்டும் வேரிற் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஆறடி எல்லைக்குள்ளேயே இருத்தலின், அவ்வெல்லையைச் சிமிட்டியால் மூடுதல் மரத்தின் வாயை அடைத்தலோடு ஒக்கும். இது மூன்றாவது. தண்டிற் புண் செய்யற்க, குருத்தைக் காக்க, அடிமண்ணைத் திறந்துவைக்க. இம்மூன்றும் நெஞ்சில் நின்றால் எஞ்சியவை எளிது.

இனி இடந்தேர்தல். தென்னையை வீட்டுச் சுவரினின்று பன்னிரண்டடியேனும் விலக்கி வைத்தல் நலம். காயும் மட்டையும் ஓட்டின்மீதும் குழந்தைகள் மீதும் வீழாதிருத்தற் பொருட்டே இது. மின்கம்பியின் கீழ் எம்மரமும் வைத்தலாகாது. இரு தென்னைகட்கிடையே 25 அடி வேண்டும். சிறுமனையில் நான்கு வைத்து நான்கும் ஒளிக்கு ஏங்கி வளைந்து நிற்பதினும் ஒன்று வைத்து நிறையக் காய் பெறுதல் அறிவுடைமை. பனைக்குப் பத்தடி போதும். மனையின் எல்லையோரமும் கிணற்றடிக்கு அப்பாலுள்ள மேட்டுநிலமும் அதற்கேற்றவை. கமுகிற்கு ஒன்பதடி போதும். ஆனால் பிற்பகல் வெயில் தண்டிற் படின் அது வெந்து வெடிக்குமாதலின், மேற்கே நிழலுள்ள இடமே அதற்குத் தக்கது.

தென்னையில் நெட்டை, குட்டை, இவ்விரண்டையுங் கலந்த ஒட்டு என மூவகையுண்டு. நெட்டை காய்க்க ஆறேழாண்டு செல்லும். காய்த்தபின் அறுபதாண்டுக்கு மேலும் நிற்கும். குட்டை மூன்று நான்கு ஆண்டிற் காய்க்கும். நிலத்தில் நின்றே இளநீர் பறிக்கலாம். ஏறுவோர் கிட்டாத ஊரிலும் குழந்தைகள் விளையாடும் முற்றத்திலும் குட்டையே உகந்தது. நாற்று வாங்குங்கால் ஒன்பது முதல் பன்னிரண்டு திங்கள் வயதும், குறைந்தது ஆறு ஓலையும், பருத்த கழுத்தும் உடையதைத் தெரிந்துகொள்க. நெடிதுயர்ந்து மெலிந்த நாற்று கண்ணுக்கு அழகாயிருப்பினும் நிலத்தில் நோஞ்சானாகும்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் இருத்தல் வேண்டும். அடியில் ஓரடிக்கு மேல்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்திட்டு, நடுவே தேங்காய் மட்டும் மறையும்படி நாற்றை ஊன்றுக. கழுத்து புதையலாகாது, குழியில் மழைநீர் தேங்கலாகாது. முதற் கோடையிற் பின்னிய கீற்றால் நிழல் செய்க. கன்று வளர வளரக் குழியைச் சிறிது சிறிதாக மூடி வருக. நம் முன்னோர் மாவின் நாற்றைக் கன்று என்றனர். தென்னையின் நாற்றையோ பிள்ளை என்றனர். முதல் மூன்றாண்டு அதனைப் பிள்ளையைப்போற் பேணவேண்டும் என்பது அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

ஐந்தாண்டிற்கு மேற்பட்ட நெட்டை மரமொன்றிற்கு ஆண்டுக்கு மக்கிய தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகத்தார் கூறும் அளவு. செயற்கை உரங்களை இரு கூறாக்கி, மண் ஈரமாயிருக்கும் பருவத்தில், ஆறடிச் சுற்றுப் பாத்தியில் இட்டுக் கொத்திவிடுக. அடிமரத்தோடு ஒட்டக் குவித்தல் வீண். கோடையில் மரமொன்றிற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 லிட்டர் நீர் வேண்டும். பாத்திரங் கழுவிய நீரைச் சாக்கடையிற் போக்காது பாத்திக்குத் திருப்பிவிட்டால் அதிற் பெரும்பகுதி கிடைத்துவிடும். உரித்த மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலாகப் பாத்தியிற் பரப்பினால் ஈரம் காயாது.

பச்சையோலையைக் கழிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. முற்றம் தூய்மையாயிருக்கும் என்பது அவர் கருத்து. தென்னையின் ஒவ்வோர் ஓலைக் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. ஓலை போயின் அதற்குரிய குலையும் மெலியும். மேலும் முதிர்ந்த ஓலையிலுள்ள சத்தை மரம் தன் இளங்குருத்திற்கு ஈந்தபின்னரே அவ்வோலையைத் துறக்கின்றது. தானே காய்ந்ததை மட்டும் களைக. இன்றியமையாத காரணத்தாற் பச்சைமட்டையை வெட்ட நேர்ந்தால், தண்டோடு ஒட்ட வெட்டாது நான்கடி விட்டு வெட்டுக. அப்புண்ணின் வழியேதான் சிவப்புக் கூன்வண்டு உட்புகும்.

இனிப் பனை. இதற்கு நாற்றங்கால் வேண்டா. பனங்கொட்டை முளைக்குங்கால் முளை மேலே வாராது, குழல்போல் நீண்டு மண்ணுள் ஆழச் செல்லும். அதன் நுனியிலேதான் கிழங்கும் குருத்தும் உண்டாகும். ஆதலாற் பிடுங்கி நடுதல் அரிது. ஆவணி, புரட்டாசியிற் பழுத்து வீழ்ந்த பழத்தின் கொட்டையை மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுதல் முறை. ஒரு குழிக்கு இரண்டு ஊன்றி, இரண்டும் முளைப்பின் வலியதை நிறுத்துக. முதற் சில ஆண்டு வெளியே சில ஓலைகளே தெரியும். வளரவில்லையென்று வெட்டி எறிதல் கூடாது. வடலி அப்போது மண்ணுக்குள் தன் அடியைப் பருக்கச் செய்துகொண்டிருக்கின்றது. இளமையில் ஆடுமாடு கடியாதபடி முள்வேலி இடுக. முதற் கோடையிரண்டில் இயன்றபோது நீர் வார்க்க. பின்னர் அது நம்மிடம் ஒன்றுங் கேளாது.

பனையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம். பாளை விடுங்காறும், அஃதாவது பன்னிரண்டு முதல் பதினைந்தாண்டு வரை, எது எதுவென்று அறியவொண்ணாது. காய்க்காத ஆண்பனை எதற்கு என்று சிலர் அதனை வீழ்த்துகின்றனர். ஆண்பனையின் பாளையும் பதநீர் தரும். ஓலையும் நாரும் மரமும் தரும். அஃதின்றிப் பெண்பனை முளைக்கும் விதையும் தாராது.

நோய்களையும் சுருங்கக் கூறுதும். விரிந்த ஓலை விசிறி வெட்டினாற்போல் முக்கோணமாக நறுக்குண்டிருப்பின் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தது என்று அறிக. கொக்கிக் கம்பியால் வண்டை எடுத்தெறிந்து, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து, மேலுள்ள மூன்று ஓலைக் கக்கங்களில் மூன்று திங்களுக்கொருமுறை இடுக. அவ்வண்டு முட்டையிடுவது எருக்குழியில். ஆதலின் குழியைக் கிளறிப் புழுக்களை அழிக்காது மரத்துக்கு மட்டும் மருந்திடுதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும். மழைக்காலத்தில் நடுக்குருத்து மஞ்சளித்து, இழுத்தவுடன் கையோடு வந்து நாறினால் அது குருத்தழுகல். அழுகியதைச் செதுக்கியெடுத்துப் போர்டோ பசை தடவுக. அண்டைமரங்கட்கு மயில்துத்தம் ஒரு கிலோவும் சுண்ணாம்பு ஒரு கிலோவும் 100 லிட்டர் நீரிற் சேர்த்த போர்டோ கலவையைக் குருத்தில் தெளிக்க. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்திற் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ பின்னர்ப் பல மாவட்டங்களிற் பரவிற்று. ஓலையின் அடியில் வெண்மையும் மேலே கரும்பூஞ்சணமும் கண்டு அஞ்சிக் கொடிய நஞ்சு தெளிப்பார் பலர். அந்நஞ்சு ஈயை அழிக்குமுன் அவ்வீயைத் தின்னும் சிறுகுளவியை அழித்துவிடும். ஓலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுதலும் மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டுதலுமே வீட்டுத் தோட்டத்திற்குப் போதும்.

இனி, மரமேற ஆளில்லை என்னும் முறையீட்டிற்கு வருவோம். பல வீடுகளில் தென்னையும் பனையும் வெட்டப்படுதற்கு இதுவே காரணம். ஏறுதல் உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அதனைச் செய்வாரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி, கூலியிலும் பேரம் பேசிவிட்டு, அவர்தம் மக்கள் அத்தொழிலுக்கு வரவில்லையென்று வருந்துதல் முறையன்று. ஒரு தெருவிற் பத்து வீட்டார் கூடி, இரு திங்களுக்கொருமுறை ஒருநாள் குறித்து, ஏறுவோர் ஒருவர்க்கு நாட்கூலி நிறைவாகத் தந்து, இடைவாரும் ஏறுகருவியும் வாங்கிக் கொடுத்தால், மரங்களும் பிழைக்கும். அவர் குடும்பமும் பிழைக்கும். தண்டில் படிவெட்டும் தீங்கும் ஒழியும்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக 1978-இல் ஏற்கப்பெற்றது. 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு கட்டாயம் என்று அறிவித்ததோடு, 76 லட்சம் பனைவிதைகளை வழங்கும் திட்டமும் கூறப்பட்டது. ஆதலின் மதிலுக்காகப் பனையை வெட்ட எண்ணுவோர் முதலில் சட்டத்தை நோக்குக. அதற்கும் முன் மதிலை இரண்டடி வளைத்துக் கட்ட இயலுமா என்று நோக்குக. மதில் ஒரு திங்களில் எழும். பனை எழ ஒரு தலைமுறை செல்லும்.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. பனை வேண்டாமென்பார் இதனை எடுத்துக் காட்டுவர். யாம் இதனை வேறாகக் கொள்கின்றோம். பனை வைத்தவன் பயன்பெறான் என்று தெரிந்திருந்தும் நம் ஊர்களிற் பனை நிற்கின்றதன்றோ? அப்பழமொழியை அறிந்தவரே அவற்றை வைத்தனர். நாம் உண்ட நுங்கெல்லாம் தமக்கென்று எண்ணாதவர் ஊன்றியவை. அக்கடனை அவர்க்குத் திருப்பியளிக்க வழியில்லை. நம் பின்னோர்க்கே அளித்தல் கூடும். பனையிற் பேயுண்டு, மனைக்கு ஆகாது என்பார்க்கும் ஒன்று கூறுதும்: பனையோலை வேய்ந்த வீட்டிற் பிறந்து, பனையேட்டில் எழுத்துக் கற்று, பனைவெல்லம் உண்டு வளர்ந்த முன்னோரை அப்பேய் ஒன்றுஞ் செய்ததில்லை.

ஆதலின் அன்பர்காள்! இக்கூட்டத்தினின்று இல்லம் செல்லும் ஒவ்வொருவரும் மூன்று காரியஞ் செய்க. முதலாவது, தம் முற்றத்துத் தென்னையின் அடியைச் சூழ்ந்த சிமிட்டியைப் பெயர்த்து ஆறடிப் பாத்தி திறக்க. இரண்டாவது, தண்டில் அடித்த ஆணிகள் இருப்பின், இனி ஒன்றும் அடிப்பதில்லையென்று உறுதி கொள்க. மூன்றாவது, வரும் ஆவணியிற் பத்துப் பனங்கொட்டை தேடி, மனையுடையார் மனையெல்லையிலும், மனையில்லார் ஊராட்சியின் இசைவு பெற்றுக் குளக்கரையிலும் ஊன்றுக. ஊன்றும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று அவர் கையாற் குழியை மூடச் செய்க. அம்மரத்தைக் காக்கப்போகின்றவர் அவரே. அதன் நுங்கை உண்ணப்போகின்றவரும் அவரே.