எல்லைப்புறத் தமிழரும் அறிவியற் சொற்களும்

'வானொலி' என்ற சொல்லையும் 'ஆகாசவாணி' என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று தமிழ்ச் சொல், மற்றொன்று வடசொல். வான் என்பதும் ஆகாசம் என்பதும் ஒன்றே. ஒலியும் வாணியும் நெருங்கிய உறவினர். ஒரே கருத்தை இரண்டு மொழிகள் தத்தம் வழியில் சொல்லாக்கிக் கொண்டன. புதிய பொருள் ஒன்று தோன்றும்போது அதற்குப் பெயரிடும் இந்தப் பணியே கலைச்சொல்லாக்கம் எனப்படுகிறது. புலவர்களின் மேசையில் நடைபெறும் பணி என்று இதனைப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால், இரண்டு மொழிகள் கூடும் எல்லைப்புறத்தில் இது வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை வரும். அதனை அடுத்துள்ள களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. மும்பைக்கும் பெங்களூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றவர்கள் ஊரை விட்டுச் சென்ற தமிழர். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவோ இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லைக்கோடுதான் அவற்றுக்குத் தெற்கே விழுந்தது. எனினும், பிள்ளையின் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது இரு சாராரின் கவலையும் ஒன்றே. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி என்றால், பிள்ளையின் அறிவு எந்த மொழியில் வேர் விடும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ஒன்று மலையாளப் பள்ளியில் கணிதம் பயில்கிறது என்று கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள சதுரம் ஒன்றை வரையுமாறு ஆசிரியர் சொல்கிறார். பிள்ளை திகைக்கிறது. நீளமும் அகலமும் வேறுபட்டால் அது எவ்வாறு சதுரமாகும்? பிள்ளையிடமும் பிழை இல்லை. ஆசிரியரிடமும் பிழை இல்லை. நாம் செவ்வகம் என்று கூறுவதையே மலையாளக் கணித நூல்கள் 'சதுரம்' என்கின்றன. நாம் சதுரம் என்று கூறுவது அங்கே 'சமசதுரம்'. முற்றிலும் அறியாத சொல்லாயின் பிள்ளை பொருள் கேட்டிருக்கும். அறிந்த சொல்லாக இருப்பதனால் கேட்கத் தோன்றுவதில்லை. உறவு மொழிகளுக்கிடையே உள்ள இடர் இதுதான்.

இதுபோல் இன்னும் சில உண்டு. இயற்பியலில் ஒரு பொருளின் 'நிறை' என்று நாம் கூறுவதை மலையாளத்தில் 'பிண்டம்' என்பர். தமிழ் வீட்டில் பிண்டம் என்றால் நீத்தார் கடன் நினைவுக்கு வரும். வேதியியலுக்கு அங்கே 'ரசதந்திரம்' என்று பெயர். ரசம் என்றதும் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் ரசத்தையும், தந்திரம் என்றதும் சூழ்ச்சியையும் நினைக்கும் தமிழ்ப் பிள்ளை அந்தப் பாடத்தைச் சற்று அச்சத்துடனேயே அணுகினால் வியப்பில்லை!

இதனால் மலையாளச் சொற்கள் தாழ்ந்தவை என்று கருதிவிடலாகாது. வடமொழி வேர்களைக் கொண்டு அவர்கள் ஒழுங்காகவே சொற்களை ஆக்கியிருக்கின்றனர். இலைகள் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் செயலை நாம் 'ஒளிச்சேர்க்கை' என்கிறோம்; அவர்கள் 'பிரகாச சம்சிலேஷணம்' என்கின்றனர். ஒளி என்பது பிரகாசம். சேர்க்கை என்பது சம்சிலேஷணம். ஆங்கிலத்தில் 'போட்டோசிந்தசிஸ்' என்பதும் கிரேக்க வேர்களில் இதே பொருளைத்தான் தருகிறது. பள்ளியில் நீண்ட சொல்லை மனப்பாடம் செய்து வந்த பிள்ளைக்கு, வீட்டில் 'ஒளிச்சேர்க்கை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மூன்று சொற்களும் ஒரே நொடியில் விளங்கிவிடும். வேகம் மாறும் வீதத்தை மலையாளத்தில் 'த்வரணம்' என்பர், தமிழில் 'முடுக்கம்'. வண்டிமாட்டை முடுக்கி ஓட்டுதல் என்பது நம் நாட்டுப்புறத்தில் வழங்கிய பேச்சு. அந்த வண்டிமாடு இயற்பியல் பாடத்திற்கும் உதவுகிறது.

இத்தகைய சொற்கள் தாமாக முளைத்தவை அல்ல. 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் 1875-இல் வெளியிட்ட வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் அவருடைய நண்பர்களும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பல துறைக் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. ஈழத்து அறிஞர் சுவாமி விபுலானந்தரும் அப்பணியில் பங்கு கொண்டார். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் அச்சொற்களுக்கு வாழ இடம் தந்தன.

ஆக்கிய சொற்கள் எல்லாம் நிலைத்தனவா? இல்லை. கெமிஸ்தம் மறைந்தது, இரசாயனம் வந்தது, பின்னர் வேதியியல் பாடநூல்களில் இடம்பெற்றது. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என்ற மூன்றில், இன்றைய பாடநூல்களில் பெரிதும் வழங்குவது ஆக்சிஜன். அறிஞர் சொல்லை ஆக்கலாம். அதற்கு உயிர் கொடுப்பவர் அதனை வழங்கும் மக்களே.

இதற்கு நேர்மாறான மொழி ஒன்றும் உலகில் உண்டு. விண்வெளிக் கதை கூறும் அமெரிக்கத் திரைப்படங்களுக்காக மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலறிஞர் 'கிளிங்கான்' என்னும் மொழியைப் புனைந்தார். அதன் அகராதி 1985-இல் வெளிவந்தது. விண்கலத்திற்கும் படைக்கலத்திற்கும் அதில் முதலிலேயே சொற்கள் அமைந்தன; அன்றாட வாழ்க்கைக்குரிய சொற்கள் பல இல்லை. ஆர்வத்துடன் அதனைப் பயில்வோர் இன்றும் உள்ளனர். ஆயினும், புதிய சொல் வேண்டுமாயின், ஓக்ரண்ட் தந்ததையே முறையான சொல்லென அவர்கள் ஏற்கின்றனர். எல்லைப்புறத்துத் தமிழுக்கு உள்ள குறையோ வேறு. இங்கே அன்றாடச் சொற்கள் குறைவின்றி உள்ளன. சோறும் கறியும், மழையும் வயலும், கோபமும் தாலாட்டும் தமிழிலேயே நடைபெறுகின்றன. விண்கலமும் உயிரணுவும் மின்னோட்டமும் பேச்சில் வரும்போது மட்டும் தமிழ் ஒதுங்கி நிற்கிறது. அறிவைப் பற்றிப் பேசாத மொழியைப் பிள்ளைகள் நாளடைவில் அடுக்களைக்கு உரியதென்று எண்ணத் தொடங்குவர். அவ்வாறு எண்ணிய தலைமுறை, தன் பிள்ளைகளிடம் அம்மொழியைப் பேசுவதற்குக் காரணம் காணாது.

தமிழ்ச் சொல் எல்லாம் தானே விளங்கிவிடும் என்றும் நம்பியிருத்தல் கூடாது. ஆற்றல், திறன் என்ற இரண்டும் பேச்சு வழக்கில் ஏறத்தாழ ஒரே பொருள் தருவன. இயற்பியலிலோ, வேலை செய்ய இயலும் அளவு ஆற்றல். அந்த வேலை எவ்வளவு விரைவில் நடைபெறுகிறது என்பது திறன். இதனை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கது எளிய செயலே. பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தை மூன்றாகப் பகுத்து, பள்ளியில் கேட்ட சொல், தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் என்று எழுதச் செய்யுங்கள். தமிழ்ச் சொல் தெரியாவிடின், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்திலுள்ள கலைச்சொல் தொகுப்புகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. தேர்வில் பள்ளிச் சொல்லையே எழுதட்டும், அதில் தடையில்லை. இரவு உணவின்போது மட்டும், அன்று படித்த ஒன்றைப் பாட்டிக்குப் புரியும்படி தமிழில் சொல்லுமாறு கேளுங்கள். பாட்டி குறுக்கே கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயன்றால் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம். சொல் கிடைக்காமல் தடுமாறினால், அன்றைய குறிப்பேட்டில் எழுத வேண்டிய சொல் எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.