சிலைக்குப் பதில் ஒரு மண்டபம்

(ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்குப் பின் நம் சமுதாயக் கூடத்தில் பேசியது)

பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் சுண்டல் ஆறிவிடும் என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எனக்கு மணி பார்க்கத் தெரியும்.

இதே ஆகஸ்ட் 15-ஐத் தங்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிற இன்னொரு மக்கள் இருக்கிறார்கள். கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் வாழும் அகேடியர்கள், பிரெஞ்சு பேசுபவர்கள். என் மகள் மாங்க்டன் என்ற ஊரில் வேலையாக இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் நானும் என் மனைவியும் அங்கே நான்கு மாதம் தங்கினோம். அந்த நாளில் சட்டி, தட்டு, கரண்டி, விசில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டும் ஊதிக்கொண்டும் தெருவில் போனார்கள். எதற்கு இந்தச் சத்தம் என்று மகளைக் கேட்டேன். "நாங்க இன்னும் இங்கேதான் இருக்கோம்னு சொல்றாங்கப்பா" என்றாள்.

அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? 1600-களின் தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்து வந்து குடியேறியவர்கள் இவர்கள். கடல் நீர் ஏறும் சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி, கரைக்கு அடியில் மரமதகு வைத்தார்கள். மதகின் கதவு, கடல் இறங்கும்போது மழைநீரை வெளியே விடும். கடல் ஏறும்போது தானே மூடிக்கொள்ளும். அப்படி உப்பு மண்ணை விளைநிலமாக்கினார்கள். 1713-ல் அந்தப் பகுதி பிரிட்டனுக்குப் போனது. நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க இவர்கள் தயங்கினார்கள்.

1755 செப்டம்பர் 5. கிராண்ட்-ப்ரே என்ற ஊரில் ஆண்களையும் பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களையும் தேவாலயத்துக்கு வரச் சொன்னார்கள். 418 பேர் உள்ளே போனார்கள். கதவு மூடப்பட்டது. நிலம், வீடு, கால்நடை எல்லாம் மன்னருக்குச் சொந்தம், பணமும் வீட்டுச் சாமான்களும் மட்டும் உங்களுடையது, கப்பலில் ஏறத் தயாராகுங்கள் என்று உத்தரவு வாசிக்கப்பட்டது. எத்தனையோ ஜப்தி நோட்டீஸைப் பார்த்தவன் நான். ஊர் கூடும் இடத்திலேயே ஊரைப் பறிமுதல் செய்ததைப் படித்தபோது அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் நாடு கடத்தப்பட்டார்கள். பிறகு திரும்பி வந்தவர்களின் பழைய நிலங்களில் வேறு ஆட்கள் உழுதுகொண்டிருந்தார்கள்.

மாங்க்டனுக்குப் பக்கத்தில் மெம்ராம்குக் என்ற பள்ளத்தாக்கு. அங்கே 1864-ல் காமில் லெஃபெவ்ர் என்ற பாதிரியார் ஒரு கல்லூரி ஆரம்பித்தார். விவசாயிகளின் பிள்ளைகள் அங்கே படித்து வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் ஆனார்கள். கனடா செனட்டின் முதல் அகேடிய உறுப்பினர் பாஸ்கல் புவாரியே அங்கே படித்தவர்தான். 1881-ல் அகேடியர்களின் முதல் தேசிய மாநாடும் மெம்ராம்குக்கிலேயே கூடியது. தேசிய நாள் எது என்று பெரிய விவாதம். கியூபெக் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து ஜூன் 24 என்றனர் சிலர். எங்களுக்கு என்று தனி நாள் வேண்டும், மாதா விண்ணேற்ற நாளான ஆகஸ்ட் 15 இருக்கட்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள்.

லெஃபெவ்ர் 1895-ல் இறந்தார். அவர் நினைவாக 1896-ல் எழுந்தது ஒரு கல் கட்டடம். பெயர் 'மோனுமென்ட் லெஃபெவ்ர்'. மோனுமென்ட் என்றதும் நான் சிலையைத்தான் தேடினேன்! அவர்கள் கட்டியது வகுப்பறைகளும் நாடக அரங்கும் உள்ள மண்டபம். 1933-ல் கல்லூரியின் பிரதான கட்டடம் எரிந்தது, மண்டபம் தப்பியது. 1963-ல் மாங்க்டன் பல்கலைக்கழகம் தொடங்கியபோது கல்லூரி அதனோடு சேர்ந்தது. பின்னர் மாணவர்களும் போய்விட்டார்கள். பயனில்லாத கட்டடம் என்று கணக்கெழுத அதைவிடப் பொருத்தமான நேரம் வராது. ஆனால் ஊர் அதை விடவில்லை. இன்று அது கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம். அகேடிய வரலாற்றுக் கண்காட்சி இருக்கிறது, அரங்கில் கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன.

நாங்கள் போன அன்று அரங்கில் யாரும் இல்லை. என் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் மேடை அருகே நின்று சாதாரணக் குரலில் "கேட்குதா?" என்றேன். "அங்கேயும் உங்க குரல்தானா?" என்றாள். அதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போது நம் விஷயம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடத்தைத் தடுத்து இரண்டு அறையாக்கி வாடகைக்கு விடலாம் என்று போன வருடம் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். கூட்டல் கழித்தலில் தப்பில்லை, இன்றும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வரவுப் பக்கம் வாடகை மட்டும்தான் இருந்தது. போன மழையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது பதினொரு குடும்பம் இரண்டு ராத்திரி இங்கேதான் படுத்தது. அதை நான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் வருகிறது. முன்மொழிந்தவன் என்ற முறையில் அதைத் திரும்பப் பெற அனுமதி கேட்டுச் செயலாளரிடம் இன்று காலை கடிதம் கொடுத்துவிட்டேன். பராமரிப்புச் செலவுக்கு வேறு வழி தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு முன் என்னிடம் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பி பிளாக் வாசலில்தான் இருப்பேன்.

சுண்டல் வந்துவிட்டது.