பகுத்தலும் பகிர்தலும்

(அட்சய திருதியை விழா உரை)

 

பகவான் ஆதிநாதர் துறவு பூண்டு, ஆறு திங்கள் நோன்பிருந்தபின் உணவேற்க ஊர்தோறும் சென்றார். மக்கள் யானையையும் குதிரையையும் பொன்னையும் மணியையும் கொண்டுவந்து நீட்டினர். துறவிக்கு எதனை எவ்வாறு ஈவது என்பதை அவருள் ஒருவரும் அறிந்திலர். அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறவி நினைவு வரப்பெற்று, முறையறிந்து கருப்பஞ்சாறு ஈந்த நாளே இத்திருநாள். பொருள் இருந்தும் ஈயும் முறை அறியாதிருந்த உலகிற்கு அம்முறை விளங்கிய இந்நாளில், பகுத்தலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடைத்து.

தமிழில் 'பகு' என்னும் அடிச்சொல் ஒரு பெருங்குடும்பத்தின் தாய். பகுதி, பகிர்வு, பங்கு, பாதி, பால் ஆகியவை அதன் மக்கள். 'பகுத்து' என்பது செய்யுளில் 'பாத்து' என நின்று, பகிர்ந்துண்ணும் உணவுக்குப் 'பாத்தூண்' என்னும் அழகிய பெயர் அமைந்தது. திருக்குறள் இச்சொல்லை இல்வாழ்க்கை அதிகாரத்திலும் ஈகை அதிகாரத்திலும் ஆள்கிறது. பகுத்துண்டு பல்லுயிர்களையும் காப்பதே நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயது என்னும் கருத்தையோ கொல்லாமை அதிகாரத்தில் வைத்திருக்கிறது. பசித்தவனுக்குரிய பங்கை மறுப்பதும் அவ்வுயிர்க்குச் செய்யும் தீங்கே என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும், 'பகை' என்ற சொல்லையும் இக்குடும்பத்தோடே சேர்ப்பர் மொழிநூலார். பங்கு உடையவன் பங்காளி. உடன் உண்டு, உடன் வளர்ந்த அவனுடைய பெயரைச் சொன்னவுடன் நம்மூர்களில் உறவைவிடப் பூசலே முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரே அடியிலிருந்து பாத்தூணும் பிறக்கிறது, பகையும் பிறக்கிறது. இவற்றுள் எது பிறக்கும் என்பதை முடிவு செய்வது எது?

விடையையும் அக்குடும்பத்துச் சொல்லே தருகிறது. நுகத்தின் நடுவே நிற்கும் ஆணிக்குப் 'பகல்' என்று பெயர். அவ்வாணி ஒருபுறம் சாயின் ஏர் செவ்வே செல்லாது. கொள்வதில் மிகை கொள்ளாமலும் கொடுப்பதில் குறை கொடாமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை நெஞ்சிற்குப் பட்டினப்பாலை இந்த ஆணியையே உவமை கூறியது. ஒன்றில் இருபதில் ஒரு பங்கை 'மா' என்றும், எண்பதில் ஒரு பங்கைக் 'காணி' என்றும், 320-இல் ஒரு பங்கை 'முந்திரி' என்றும் பெயரிட்டு அளந்தவர் நம் முன்னோர். சிறு பங்கும் பங்கே என்னும் நேர்மை அக்கணக்கில் இருந்தது.

ஆதிநாதரின் மனையிலேயே இதற்குச் சான்று உண்டு. பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்து, கல்விச் செல்வத்தை மகளிர்க்கும் உரியதாக்கினார். நாட்டை மைந்தர்க்குப் பகுத்தளித்தார். அப்பங்கில் நிறைவு காணாத பரதன், தம்பியும் தனக்கு அடங்க வேண்டும் என்றான். பகுப்பு பகையாயிற்று. பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் மூன்றிலும் வென்ற பாகுபலியோ, வென்ற அக்கணத்திலேயே அனைத்தையும் துறந்தார். தமக்கு உரியது இது என்று நிலைநாட்டிய பின்னர், எவரும் வற்புறுத்தாமல் விட்டார். அதுவே உண்மையான விடுதலை.

இன்று பதிவு அலுவலகங்களிலும் 'விடுதலைப் பத்திரம்' என்று ஓர் ஆவணம் எழுதப்படுகிறது. உடன்பிறந்தாள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திடும் ஆவணம் அது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் உரியது. 1989-இல் தமிழகத்தில் செய்த திருத்தம் மணமாகாத மகளிர்க்கும், 2005-இல் நடுவண் அரசு செய்த திருத்தம் மகளிர் அனைவர்க்கும் குடும்பச் சொத்தில் மைந்தர்க்கு இணையான பங்கை வழங்கின. எனினும், "சீர்தான் செய்தாயிற்றே" என்னும் ஒரு சொல்லாலும், பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடுமோ என்னும் அச்சத்தாலும் எத்தனையோ கையெழுத்துகள் பெறப்படுகின்றன. அவள் மனமுவந்து ஈந்தால் அது ஈகை. அச்சத்தால் விட்டால், பெற்றவன் தன் கள்ளாமை அணுவிரதத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயமாவது அச்சம் நீக்குதல் அன்றோ?

இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களுள் நிறைவானது அதிதி சம்விபாகம். 'விபாகம்' என்றால் பகுத்தல். 'சம்' என்னும் முன்னொட்டு அது செம்மையாக அமைதலைக் குறிக்கும். தன்னுடையதைத்தான் ஒருவன் ஈய முடியும். பிறர் பங்கை வைத்துக்கொண்டு செய்யும் அன்னதானம் ஈகையாகாது. ஆதலின், முதலில் நடுநின்று வகுத்தல், அடுத்து உரியவர்க்கு உரியதை அளித்தல், அதன் பின்னரே நம் பங்கிலிருந்து பகிர்தல் என்பதே முறை.

இவ்விழாவில் முனிவர் பெருமக்களுக்கு ஆகாரம் அளித்து மகிழும் இல்லங்கள், தங்கள் வீட்டு மகளிரின் பங்கையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அவ்வாறு எண்ணும் இல்லத்தில் பங்காளி என்னும் சொல் மீண்டும் உறவின் பெயராகும்.

ஜினவறம் ஓங்குக!